தொடாமல் இசைத்தல்: அசைவுணர் கருவிகளும் கைப்பேசியும் மேடைக்கு வந்த வரலாறு

அசைவுவழி இசைத்தல் என்பது கை, தலை, உடல் ஆகியவற்றின் அசைவைச் சென்சார்களால் (உணரிகளால்) அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு மேடையிலேயே ஒலியை எழுப்பும் அல்லது மாற்றும் முறையாகும். இதில் இசைப்பவர் தந்தியை மீட்டுவதில்லை, தோலைத் தட்டுவதில்லை. காற்றில் கையை நகர்த்தினால் சுருதி மாறும்; மணிக்கட்டைத் திருப்பினால் ஒலியின் தன்மை மாறும்.

அசைவைப் பதிவுசெய்யும் ‘மோஷன் கேப்சர்’ தொழில்நுட்பத்தைத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் திரைப்படம் வழியாக அறிவர். 2014-இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ அம்முறையில் எடுக்கப்பட்டது. திரைப்படத்தில் நடிகரின் அசைவைப் பதிவுசெய்த பின்னர் அதைத் திருத்திக்கொள்ளக் கால அவகாசம் உண்டு. மேடை இசையில் அந்த வசதி கிடையாது. கை அசையும் கணமும் ஒலி பிறக்கும் கணமும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இத்துறைக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு வரலாறு உண்டு. ஆய்வகத்தில் மட்டுமே இருந்த சென்சார் இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசிக்குள் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் தோன்றிய கருவிகள் பல; நிலைத்தவை சில. நிலைத்தவற்றைப் பார்த்தால், அவற்றோடு ஆண்டுக்கணக்கில் பழகிய ஓர் இசைக்கலைஞரையோ, வேறு கருவியை இசைக்க உடல் இடந்தராத ஒருவரின் தேவையையோ பெரும்பாலும் காணலாம்.

அடிப்படை அமைப்பு

இத்தகைய கருவி எதுவாயினும் அதில் மூன்று படிகள் உள்ளன.

முதலாவது, அளத்தல். கை எங்கே இருக்கிறது, எவ்வளவு விரைவாக நகர்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைச் சென்சார் எண்ணாகவோ மின்னழுத்தமாகவோ மாற்றுகிறது.

இரண்டாவது, பொருத்துதல். எந்த அசைவுக்கு எந்த ஒலி மாற்றம் என்று முடிவு செய்வது இப்படியாகும். கையை உயர்த்தினால் ஒலி பெருக வேண்டுமா, சுருதி உயர வேண்டுமா? இதற்கு இயற்கை விடை தருவதில்லை. கருவியை வடிவமைப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஒலியாக்கம். மின்சுற்றோ கணினி மென்பொருளோ அந்த முடிவின்படி ஒலியை உண்டாக்குகிறது.

வயலினில் இந்த மூன்றும் ஒன்றே. வில் தந்தியைத் தொடும் இடத்தில் அசைவே ஒலியாகிறது. மின்னணுக் கருவியில் இவை பிரிந்துவிடுகின்றன. இத்துறையின் வசதிகளுக்கும் சிக்கல்களுக்கும் இந்தப் பிரிவே காரணம்.

தெரமின்

உருசிய இயற்பியலாளர் லெவ் தெரமின் (1896–1993) செல்லோ வாசிக்கத் தெரிந்தவர். பெத்ரோகிராத் நகரின் இயற்பியல் ஆய்வு நிறுவனம் ஒன்றில், வாயுக்களின் மின்பண்புகளை அளக்கும் கருவியோடு வேலை செய்தபோது, தம் கை அருகே வந்தால் அதிலிருந்து வரும் ஒலி மாறுவதைக் கவனித்தார். அதிலிருந்து 1920-ஆம் ஆண்டையொட்டி உருவானதே அவர் பெயரால் வழங்கும் தெரமின் கருவி.

மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் படிக்கும் ‘விம்மல்’ கோட்பாடே இதன் அடிப்படை. கருவிக்குள் இரண்டு அலையியற்றிகள் உள்ளன. இரண்டும் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. ஒன்றின் அதிர்வெண் நிலையானது. மற்றொன்று ஒரு செங்குத்தான உலோகக் கம்பியோடு இணைக்கப்பட்டுள்ளது. கையும் கம்பியும் சேர்ந்து ஒரு மின்தேக்கி போலச் செயல்படுவதால், கை நெருங்க நெருங்க அந்த அலையியற்றியின் அதிர்வெண் சற்று மாறும். எடுத்துக்காட்டாக, ஒன்று 1,70,000 ஹெர்ட்சிலும் மற்றொன்று 1,69,560 ஹெர்ட்சிலும் இயங்கினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 440 ஹெர்ட்ஸ் ஒலியாகக் கேட்கும். வலக்கை சுருதியை ஆளும். இடக்கை மற்றொரு வளையக் கம்பியின் அருகே ஏறி இறங்கி ஒலியளவை ஆளும்.

1922-இல் தெரமின் இக்கருவியை லெனினுக்கு இயக்கிக் காட்டினார். பின்னர் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்து அமெரிக்கா சென்று, 1928-இல் காப்புரிமை பெற்றார். ஆர்.சி.ஏ. நிறுவனம் 1929-இல் அதை வணிகமுறையில் தயாரிக்கத் தொடங்கியது. கையை அசைத்தாலே இசை வரும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட கருவி, வீட்டுக்கு வந்த பின் எளிதாக வசப்படவில்லை. அதே ஆண்டில் பங்குச்சந்தை வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. ஏறத்தாழ 500 கருவிகளோடு தயாரிப்பு நின்றது.

கிளாரா ராக்மோர்

தெரமினை இசைக்கருவி என்று உலகை ஏற்கச் செய்தவர் கிளாரா ராக்மோர் (1911–1998). வில்னியஸ் நகரில் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே வயலினில் வியக்கத்தக்க திறன் காட்டி, புகழ்பெற்ற ஆசிரியர் லியோபோல்ட் ஆவரிடம் பயின்றார். ஆனால் எலும்புக் குறைபாட்டால் வில் பிடிக்கும் கை வலுவிழந்தது. இளம்பெண்ணாக இருக்கும்போதே வயலினைக் கைவிட நேர்ந்தது.

வில் பிடிக்க இயலாத அந்தக் கைக்குத் தெரமின் கிடைத்தது. அழுத்த வேண்டியதில்லை, இழுக்க வேண்டியதில்லை. காற்றில் நிறுத்தினால் போதும். ஆனால் காற்றில் நிறுத்துவதே மிகக் கடினமான செயல். வீணையில் மெட்டு உண்டு. வயலினில் மெட்டு இல்லாவிட்டாலும் விரலுக்குப் பலகை உண்டு. தெரமினில் விரல் ஊன்ற எதுவும் இல்லை. தோள் சற்று அசைந்தாலும் சுருதி விலகும். ராக்மோர் தம் வயலின் பயிற்சியால் பெற்ற செவியைத் துணைகொண்டு, காற்றில் விரல்களை மடக்கி நீட்டிச் சுரங்களைத் துல்லியமாகப் பிடிக்கும் தனிமுறை ஒன்றை வகுத்தார். அவர் கேட்டுக்கொண்டபடி தெரமின் கருவியின் எல்லையை மூன்று ஸ்தாயியிலிருந்து ஐந்து ஸ்தாயியாக விரிவாக்கினார். இடக்கையின் அசைவுக்கு ஒலி இன்னும் விரைவாக இணங்கும்படியும் செய்தார்.

இங்கே கருவியைக் கண்டுபிடித்தவர் ஒருவர். அதை இசையாக்கியவர் மற்றொருவர். இந்த இணை பின்வந்த பல முயற்சிகளிலும் காணப்படுகிறது.

நடனத்திலிருந்து இசை

கை மட்டுமின்றி உடல் முழுவதும் இசைக்க முடியுமா என்ற கேள்வியும் தெரமினுக்கு எழுந்தது. மேடைத் தளத்தின் அடியில் உலோகத் தகடு பதித்து, மேலே ஆடுபவரின் உடல் அசைவால் சுருதி மாறும் ‘டெர்ப்சிடோன்’ என்ற கருவியை அமைத்தார். 1932-இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ராக்மோரே அதை ஆடிக் காட்டினார். ஆடற்பயிற்சியும் சுரஞானமும் ஒருங்கே தேவைப்பட்டதால் அது பரவவில்லை.

1965 ஜூலையில் நியூயார்க்கின் லிங்கன் மையத்தில், இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்காமும் ‘வேரியேஷன்ஸ் ஃபைவ்’ என்ற படைப்பை அரங்கேற்றினர். மேடையில் ஏறத்தாழ 5 அடி உயரக் கம்பிகள் நடப்பட்டிருந்தன. நடனக் கலைஞர்கள் அவற்றை நெருங்கும்போதும், ஒளிக்கற்றைகளைக் கடக்கும்போதும் ஒலிநாடாக்கள், சிற்றலை வானொலிகள் ஆகியவற்றின் ஒலி மாறியது. அந்தக் கம்பிகளைச் செய்து தந்தவர் ராபர்ட் மூக். இளவயதில் தெரமின் கருவிகளைச் செய்து விற்ற இவரே, பின்னாளில் தம் பெயரால் புகழ்பெற்ற சிந்தசைசரை உருவாக்கியவர்.

கணினியும் இரண்டு கோல்களும்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் 1957-இல் கணினியால் இசையொலியை உண்டாக்கினார். அக்காலத்தில் சில வினாடி ஒலியைக் கணக்கிடவே கணினிக்கு அதைவிட அதிக நேரம் தேவைப்பட்டது. ஆகவே மேடையில் உடனுக்குடன் இசைப்பது இயலாததாயிற்று. கணினியின் வேகம் வளர்ந்தபின், 1980-களில் மேத்யூஸும் சக ஆய்வாளர் பாப் போயியும் ‘ரேடியோ பேட்டன்’ என்ற கருவியை அமைத்தனர். இரண்டு கோல்களின் நுனியில் சிறு ரேடியோ அலைபரப்பிகள். கீழே ஒரு தட்டில் அலைவாங்கிகள். கோல் இடம், வலம், மேல், கீழ் என எங்கே உள்ளது என்பது கணினிக்குத் தெரிந்துவிடும். இசைநூலில் உள்ள சுரங்களைக் கணினி வைத்திருக்க, அவற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் மனிதர் கோலால் நடத்தலாம். ஓர் இசைக்குழுவை நடத்துபவரின் வேலை அது.

1983-இல் ‘மிடி’ என்ற பொதுமுறை நடைமுறைக்கு வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று எண்களாகப் பேசிக்கொள்ள அது வழிசெய்தது. அதன்பின் சென்சார் தரும் எண்ணை எந்தச் சிந்தசைசருக்கும் அனுப்ப முடிந்தது. அதே வேளையில், அதன் பெரும்பாலான கட்டளைகளில் 0 முதல் 127 வரையிலான 128 படிகளே உண்டு. தெரமினின் தொடர்ச்சியான இழைவு இங்கே படிக்கட்டாகியது.

கையுறைகளின் காலம்

ஆம்ஸ்டர்டாம் நகரின் ‘ஸ்டைம்’ மையத்தைச் சேர்ந்த மிகேல் வைஸ்விஸ் (1949–2008) 1984-இல் ‘தி ஹேண்ட்ஸ்’ என்ற கருவியை இசைத்தார். இரு கைகளிலும் பொருத்திக்கொள்ளும் சட்டங்கள் அவை. விரல்களுக்குப் பொத்தான்கள், சாய்வை உணரப் பாதரச இணைப்பிகள், இரு கைகளின் இடைவெளியை அளக்க மீயொலி ஆகியவை அவற்றில் இருந்தன. வைஸ்விஸ் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே கருவியைச் சிறுசிறு மாற்றங்களோடு இசைத்துவந்தார்.

லெட்டிசியா சொனாமி 1991-இல் செய்த முதல் கையுறை, சமையலறையில் பாத்திரம் கழுவப் பயன்படும் ரப்பர் உறை. அதன் மீது காந்தமும் காந்த உணரிகளும் ஒட்டப்பட்டிருந்தன. பின்னர் அது ‘லேடிஸ் குளோவ்’ என்ற நுட்பமான கையுறையாக வளர்ந்தது. அவரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதனோடு மேடையேறினார்.

பொருத்துதல் பற்றிய ஆய்வும் இதையொட்டி வளர்ந்தது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆன்டி ஹன்ட், ராஸ் கிர்க் ஆகியோர் இதைச் சோதித்துப் பார்த்தனர். ஒரு நெம்புக்கு ஒரு மாற்றம் என்ற எளிய அமைப்பு தொடக்கத்தில் விரைவாகப் புரிகிறது. பல அசைவுகள் பின்னிப் பிணைந்து ஒலியை ஆளும் அமைப்பு முதலில் குழப்புகிறது. ஆனால் பழகப் பழக, கடினமான பணிகளில் பின்னதே மேம்பட்டது. வயலினும் அப்படித்தான், வில்லின் வேகம், அழுத்தம், இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு சுரத்தின் ஒலியைத் தீர்மானிக்கின்றன.

கேமரா வழி

உடலில் எதையும் அணியாமல் இசைக்கக் கேமரா உதவியது. கனடாவின் டேவிட் ரோக்பி 1980-களில் உருவாக்கிய ‘வெரி நெர்வஸ் சிஸ்டம்’, வீடியோ படத்தில் தோன்றும் அசைவுகளைக் கணினியால் ஒலியாக்கியது. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘கைனெக்ட்’ விளையாட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது. அது அகச்சிவப்புக் கதிரால் ஆழத்தை அளந்து, மனித உடலின் மூட்டுகளை அடையாளம் கண்டது. ஆய்வகங்களில் பல கேமராக்களும் உடலில் ஒட்டும் குறிகளும் கொண்டு செய்த வேலையின் ஒரு பகுதியை இது வீட்டு விலைக்குத் தந்தது. உலகெங்கும் இசை மாணவர்கள் இதைக் கொண்டு கருவிகள் செய்தனர்.

அதன் குறையும் விரைவில் தெரிந்தது. கைனெக்ட் வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும். அதாவது இரு படங்களுக்கிடையே 33 மில்லி வினாடி. இசைக்கருவியில் அசைவுக்கும் ஒலிக்கும் இடையே 10 மில்லி வினாடிக்கு மேல் தாமதம் கூடாது என்பது இத்துறையினர் பொதுவாகக் கொள்ளும் அளவு. அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் செல்லும். மேடையில் பக்கத்திலிருப்பவரின் மிருதங்க ஒலி வந்துசேரும் தாமதம் அவ்வளவே. 33 மில்லி வினாடி என்பது மெதுவான இழைவுக்குப் பொருந்தலாம். தாளச் சொற்கட்டுக்குப் பொருந்தாது.

கைப்பேசி மேடைக்கு வருதல்

கைப்பேசியை மேடை இசைக்குப் பயன்படுத்திய முன்னோடி நிகழ்ச்சிகளில் ஒன்று, 2001 செப்டம்பரில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கோலன் லெவினும் குழுவினரும் நடத்திய ‘டயல்டோன்ஸ்’. பார்வையாளர்கள் தங்கள் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்தனர். அவரவர்க்கு ஓர் இருக்கையும், கைப்பேசிக்கு ஓர் அழைப்பொலியும் வழங்கப்பட்டன. மேடையிலிருந்த கலைஞர்கள் கணினி மூலம் 200 கைப்பேசிகளை அழைத்து, அரங்கையே ஓர் இசைக்கருவியாக்கினர். அரங்கில் எதை அணைத்துவைக்கச் சொல்வார்களோ அதுவே அன்று இசைத்தது. அதில் அசைவுக்கு இடமில்லை, அழைப்பு மட்டுமே.

அடுத்த சில ஆண்டுகளில் கைப்பேசிகளில் முடுக்கமானி இடம்பெற்றது. கைப்பேசி எந்தப் பக்கம் சாய்கிறது, எப்படிக் குலுங்குகிறது என்பதை அளக்கும் மிகச்சிறிய சென்சார் இது. படத்தைத் திருப்பிக்காட்ட வைத்த இந்த உறுப்பு இசைக்கலைஞர்களுக்குக் கிடைத்த பரிசாயிற்று. 2007-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜீ வாங், கெயோர்க் எஸ்ஸல், ஹென்ரி பென்டினென் ஆகியோர் கைப்பேசி இசைக்குழு ஒன்றைத் தொடங்கினர். 2008 ஜனவரியில் அதன் முதல் கச்சேரி நடந்தது. நோக்கியா என்-95 கைப்பேசிகளே கருவிகள். கைப்பேசியின் ஒலி அரங்குக்குப் போதாது என்பதால், விரல்கள் வெளியே தெரியும் கையுறைகளில் சிறு ஒலிபெருக்கிகளைப் பொருத்தினர். இசைப்பவர் கையை நீட்டினால் ஒலியும் அந்தத் திசையில் சென்றது.

ஜீ வாங் 2008 நவம்பரில் ஐபோனுக்கு ‘ஒகரினா’ என்ற செயலியை வெளியிட்டார். ஒகரினா என்பது களிமண்ணால் செய்யப்படும் பழைய ஊதுகருவி. செயலியில் ஒலிவாங்கியில் ஊத வேண்டும்; திரையில் நான்கு துளைகளை விரலால் மூட வேண்டும்; கைப்பேசியைச் சாய்த்தால் ஒலியில் அசைவு உண்டாகும். மூச்சு, விரல், சாய்வு மூன்றையும் ஒரே கைப்பேசியில் பிணைத்ததே அதன் சிறப்பு.

இயலாமையிலிருந்து இசைக்கு

ராக்மோர் கதையின் தொடர்ச்சி இந்தப் பகுதியில் உள்ளது. அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் 2007-இல், கை கால்களை இயக்க முடியாத குழந்தைகளுக்காக ஒரு மென்பொருளை உருவாக்கும் பணியைத் தொடங்கினார். சாதாரண கணினிக் கேமரா முகத்தின் ஒரு புள்ளியைப் பின்தொடரும். தலையைச் சற்றுத் திருப்பினால் சுரமோ தாளமோ ஒலிக்கும். ‘ஆமி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது இலவசமாகவே வழங்கப்பட்டு, பின்னர் ஐபேடுக்கும் வந்தது.

இங்கிலாந்துப் பாடகி இமோஜன் ஹீப், பொறியாளர்களோடும் பிரிஸ்டல் நகர ஆய்வாளர் டாம் மிட்செலோடும் சேர்ந்து ‘மிமு’ கையுறைகளை உருவாக்கினார். 2012-இல் அவற்றைக் கொண்டு மேடையில் பாடினார். விரல் மடிப்பையும் கையின் திசையையும் உணர்ந்து கம்பியில்லாமல் கணினிக்கு அனுப்பும் இக்கையுறையால், கணினித் திரையைக் குனிந்து பார்க்காமலே தம் குரலைப் பதிவுசெய்து அடுக்க அவரால் முடிந்தது. பெருமூளை வாதம் உள்ள ஆங்கில இசைக்கலைஞர் கிரிஸ் ஹால்பின், கிட்டார் வாசிப்பது கடினமாகிவந்த நிலையில் இதே கையுறைகளை ஏற்று மேடையில் தொடர்ந்தார். ஒருவருக்குப் புதுமையாக இருந்தது மற்றவருக்கு இசையைத் தொடரும் வழியாயிற்று.

தமிழ் இசையுலகத் தொடர்பு

2016 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த மின்னணுப் பொருட்காட்சியில், இன்டெல் நிறுவனத்தின் ‘கியூரி’ என்ற சிறு சென்சார் கொண்ட அணிகலன்களை அணிந்து, கையசைவால் ஒலியெழுப்பும் இசையை ஏ.ஆர். ரகுமான் மேடையில் நிகழ்த்தினார்.

கருநாடக இசைக்கு இத்துறையில் ஒரு சிறப்புச் சோதனை உண்டு. அது கமகம். சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்தும் அசைந்தும் செல்லும் இசைக்கு, படிப்படியாகத் தாவும் விசைப்பலகை பொருந்தாது. 2015-இல் வெளிவந்த ‘ஜியோஷ்ரெட்’ போன்ற ஐபேடு செயலிகளில் விரலைத் திரையில் இழுத்து இடைவெளியின்றிச் சுருதியை மாற்றலாம். மகேஷ் ராகவன் போன்ற கலைஞர்கள் இதைக் கொண்டு கருநாடக இராகங்களை இசைத்துப் புகழ்பெற்றனர். கருநாடக இசைப் பயிற்சி இல்லாதவருக்கு அதே செயலி அந்தக் கமகத்தைத் தராது.

நிலைத்திருப்பதில் உள்ள சிக்கல்

நல்ல வயலின் நூறாண்டு கடந்தும் இசைக்கும். கைப்பேசிக் கருவியின் ஆயுள் அப்படியன்று. இயங்குதளம் மாறினால் செயலி இயங்காமற் போகும். கைனெக்ட் தயாரிப்பு 2017-இல் நிறுத்தப்பட்டது. அதை நம்பி அமைத்த கருவிகளுக்கு மாற்று தேட வேண்டியதாயிற்று. நூற்றாண்டு கண்ட தெரமினோ இன்றும் தயாரிக்கப்படுகிறது. அதைக் கற்பிப்பவர்களும் உள்ளனர்.

மற்றொன்று, கேட்பவரின் நம்பிக்கை. தவில் கலைஞரின் கை வேகத்தைப் பார்க்கும் நமக்கு ஒலியின் காரணம் கண்முன் தெரிகிறது. கையுறை அணிந்தவர் கையை வீசும்போது, ஒலியை அவர் எழுப்புகிறாரா, முன்பே பதிவுசெய்தது ஓடுகிறதா என்ற ஐயம் எழலாம். அசைவுக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பார்ப்பவருக்கும் புரியும்படி அமைந்தால்தான் அது மேடைக் கலையாகிறது.

மாணவர்கள் செய்து பார்க்க

ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி, கைப்பேசியிலுள்ள சென்சார்களின் அளவுகளை வரைபடமாகக் காட்டும். முடுக்கமானியைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு ஆதிதாளம் போட்டுப் பாருங்கள். தட்டும் வீச்சும் கோட்டில் வெவ்வேறு வடிவமாகத் தெரியும். அடுத்த ஆவர்த்தனத்திலும் அதே வடிவம் வருகிறதா என்று பாருங்கள். தாளம் பழகியவரின் கோடும் பழகாதவரின் கோடும் ஒன்றாக இரா. சென்சார் இருவருக்கும் ஒன்றே; கோட்டைச் சீராக்குவது கையின் பயிற்சி.